நாப்பத்தெட்டுன்னு வச்சுக்க

போன வாரம் கோடை உழவு ஓட்டிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அக்காவின் பேத்தி திண்ணையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சென்னையில் எட்டாவது படிக்கிறாள். லீவு விட்டாலும் வீட்டுப்பாடம் விடவில்லை. "தாத்தா, உங்க கணக்குதான் இது, வந்து பாருங்க" என்றாள்.

கணக்கு இதுதான். ஒரு விவசாயி தன் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கை விதைக்குச் செலவு செய்தார். நான்கில் ஒரு பங்கை உரத்துக்குச் செலவு செய்தார். மீதி 5,000 ரூபாய் இருக்கிறது. முதலில் கையில் எவ்வளவு வைத்திருந்தார்?

"எந்த ஊரு விவசாயிம்மா அது, விதையும் உரமும் வாங்கினப்புறம் கையில அஞ்சாயிரம் மிச்சம் வச்சிருக்கான்?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. எக்ஸ் என்று வைத்து ஆரம்பித்திருந்தாள். எக்ஸ் பை மூணு, எக்ஸ் பை நாலு, பிறகு அடித்தல், பிறகு இன்னொரு அடித்தல்.

"எக்ஸை விடு. கையிருப்பு பன்னெண்டுன்னு வச்சுக்க" என்றேன்.

"பன்னெண்டு ரூபாயா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாமளா வச்சுக்கறதுதான். விதைக்கு நாலு, உரத்துக்கு மூணு, மீதி எத்தனை?"

"அஞ்சு."

"கணக்குல மீதி அஞ்சாயிரம். அப்ப பன்னெண்டு என்னவாகும்?"

"பன்னெண்டாயிரம்" என்றாள் பட்டென்று. அடுத்த நிமிஷமே முகத்தில் சந்தேகம் வந்துவிட்டது. "இது சீட்டிங் இல்லையா தாத்தா? பொய்யா ஒரு நம்பர் வச்சு விடை கொண்டு வர்றோமே. மிஸ் ஒத்துக்க மாட்டாங்க."

அவளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதையும், அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் ப்ளஸ் டூவோடு நிறுத்தியவன். ஆனால் இந்தக் கணக்கு என் வீட்டில் ஒரு ஏக்கருக்கு மேல் நிலத்தை இடம் மாற்றியிருக்கிறது.

முதலில் சீட்டிங் விஷயம். பொய்யாக ஒரு எண்ணை வைத்து மெய்யான விடையை எடுக்கும் இந்த வழிக்குக் குறைந்தது மூவாயிரத்து ஐந்நூறு வயது. எகிப்தில் அஹ்மோஸ் என்று ஒரு எழுத்தர், கி.மு. 1550 வாக்கில், அதைவிடப் பழைய ஏடு ஒன்றைப் பார்த்து நாணற்புல் தாளில் கணக்குகளை நகல் எடுத்து வைத்தார். 1858-ல் ரைண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதை லக்சர் நகரில் விலைக்கு வாங்கினார். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் 26-ஆம் கணக்கு: ஒரு அளவும் அதன் காலும் சேர்ந்தால் 15, அந்த அளவு என்ன? அஹ்மோஸ் நாலு என்று வைக்கிறார். நாலும் அதன் கால் ஒன்றும் சேர்ந்து அஞ்சு. வேண்டியதோ 15, மூன்று மடங்கு. அதனால் நாலை மூன்றால் பெருக்கி 12 என்கிறார். என் பன்னிரண்டும் அவர் நாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஏன் நாலு? கால் பங்கு எடுக்க வேண்டுமே, அதற்கு உடையாத எண்ணாக இருக்கட்டும் என்றுதான்.

நம் நாட்டிலும் இது உண்டு. பாஸ்கராச்சாரியார் 1150-ல் எழுதிய லீலாவதியில் இதற்கு 'இஷ்ட கர்மம்' என்று பெயர். இஷ்டப்பட்ட எண்ணை வைத்துக்கொள், கணக்கு சொல்கிறபடி எல்லாம் செய், வந்த எண்ணையும் கொடுத்த எண்ணையும் ஒப்பிட்டு, வைத்ததைப் பெருக்கிக்கொள் என்பதுதான் விதி. அதில் ஒரு தாமரைக் கணக்கு வரும். ஒரு குவியல் தாமரைப் பூவில் மூன்றில் ஒரு பங்கு சிவனுக்கு, ஐந்தில் ஒன்று விஷ்ணுவுக்கு, ஆறில் ஒன்று சூரியனுக்கு, நாலில் ஒன்று அம்பாளுக்கு. மிஞ்சிய ஆறு பூ குருவுக்கு. மொத்தம் எத்தனை பூ? 60 என்று வைத்துப் பாருங்கள். 20, 12, 10, 15 என்று உடையாமல் பிரியும். கூட்டினால் 57, மீதி மூன்று. கணக்கில் மீதி ஆறு. ஆக 120 பூ. எந்த எண்ணை வைத்தாலும் விடை வந்துவிடும், விதி அப்படி. ஆனால் 60-ஐ வைத்தால் ஒரு பூவைக்கூடக் கிள்ள வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. கணக்குக்குள் பங்கு மட்டும் இருந்தால்தான் இந்த வழி நேராகப் போகும். 'இதற்கு நடுவே வண்டி வாடகை 200 ரூபாய் கொடுத்தார்' என்று ஒரு மாறாத தொகை நுழைந்துவிட்டால், பன்னிரண்டை வைத்து அந்த 200-ஐக் கழிக்க முடியாது. அதை முதலில் வெளியே எடுத்து, அதனதன் இடத்தில் சேர்த்துவிட்டுத்தான் பங்குக்கு வர வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்கள் போர்செட்டு வரும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சின்னத்தாத்தா, அப்பாவுக்குச் சித்தப்பா. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் படித்தவர். பிறகு ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். அவர் காலத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் ஒன்றுக்கு மேல் படித்த அளவுக்கு ஒன்றுக்குக் கீழேயும் படித்தார்கள். அந்தக் கீழ்க்கணக்கின் அடிப்படை முந்திரி. ஒன்றை 320 ஆக்கினால் ஒரு முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி, நாலு முந்திரி காணி, எட்டு அரைமா, பதினாறு மா, இருபது மாகாணி, நாற்பது அரைக்கால், எண்பது கால், நூற்றறுபது அரை.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எதுவும் உடையவில்லை. மா என்றால் இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் மாகாணி, பதினாறில் ஒன்று. அதற்கே வீசம் என்றும் பெயர். இருபது வழியில் பிரிப்பவனுக்கும் பதினாறு வழியில் பிரிப்பவனுக்கும் ஒரே எண் பொருந்த வேண்டும் என்றால் அது 320-ஆக இருக்கலாம். கணக்கு போடும்போது நாம் தேடிப்பிடிக்கும் வசதியான எண்ணை, முன்னோர்கள் எண் முறைக்குள்ளேயே பதித்து வைத்துவிட்டார்கள்! அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400-ல் ஒன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில அளவு இந்தக் கீழ்க்கணக்கு வரை இறங்கும்.

டெல்டாவில் நிலத்துக்கும் இதே பேச்சுதான். வேலியில் இருபதில் ஒன்று மா. மாவுக்கு நூறு குழி. இன்றைக்கும் எங்கள் பக்கம் 'எத்தனை மா நடவு?' என்றுதான் கேட்பார்கள். ஒரு மா சுமார் 33 சென்ட்.

ஆனால் 320-க்கு ஒரு குறை இருக்கிறது. மூன்றால் வகுபடாது. மூன்று பேர் பங்கு என்று வந்தால் முந்திரி கைவிடும். அதற்கு நெல்லளவு இருந்தது. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பன்னிரண்டை இரண்டாக்கலாம், மூன்றாக்கலாம், நாலாக்கலாம், ஆறாக்கலாம். களத்தில் நின்று நெல்லைப் பங்கு போடுகிறவனுக்கு இதைவிட வசதியான எண் எது?

ரூபாயும் அப்படித்தான் இருந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. ரூபாய்க்கு 192 தம்படி. வீசமும் போகும், மூன்றில் ஒன்றும் போகும். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் ரூபாய்க்கு நூறு பைசா ஆயிற்று. ஓரணா ஆறேகால் பைசா ஆனது. கூட்டல் கழித்தலுக்கு நூறு சுலபம்தான், அதை மறுக்கவில்லை. பங்கு போடுகிறவனுக்குத்தான் கஷ்டம். ஒரு ஏக்கரை மூன்று பேர் பிரித்தால் 33, 33, 34 என்று வரும். அந்த ஒரு சென்ட் யாருக்கு என்று பேசாமலிருக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சின்னத்தாத்தா சொல்வார்: "மூணு பங்குன்னா கலத்துக்குப் போ. கால், அரைக்கால், வீசம்னா ரூபாய்க்குப் போ. ரெண்டும் கலந்து வந்தா தம்படிக்குப் போ." சின்ன வயசில் எனக்கு இது விளங்கவில்லை. விளங்கிய நாளைத்தான் பேத்தியிடம் சொல்லாமல் விட்டேன்.

2009 ஐப்பசியில் அப்பா இறந்தார். தை அறுவடை முடிந்ததும் பாகம் பேச உட்கார்ந்தோம். அம்மா, அக்கா, நான், தம்பி. நிலம் பாட்டன் சொத்து, 4 ஏக்கர் 62 சென்ட். அதில் போர்செட்டும் வண்டிப்பாதையும் 6 சென்ட். அது எல்லாருக்கும் பொது என்று முதலில் வெளியே எடுத்தோம். மாறாத எண்ணை முதலில் எடு என்று சொன்னேனே, அதுதான். மீதி 456 சென்ட்.

நானும் தம்பியும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தோம். பாட்டன் சொத்தில் அப்பாவுக்கும் ஆண்பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் மூன்றில் ஒன்று நாலாகப் பிரிந்து, அம்மா, அக்கா, நான், தம்பி நாலு பேருக்கும். அக்காவுக்குப் பன்னிரண்டில் ஒன்று, 38 சென்ட். எங்களுக்கு ஆளுக்கு 190. பத்திரம் எழுதுகிறவரும் தலையாட்டிவிட்டார். 1989-ல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை. அக்கா கல்யாணம் 1986. எல்லாம் சரியாக இருந்தது.

சரியாக இல்லாதது ஒன்று. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டமே மாறிவிட்டது. கல்யாணம் ஆனதோ ஆகாததோ, மகளும் மகனைப் போலப் பங்காளி. பேப்பரில் வந்தபோதே நான் படித்திருந்தேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அப்பா இறந்த பிறகும் அது ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை. அக்காவும் எதுவும் கேட்கவில்லை. "நீங்க பாத்து செய்யுங்கடா" என்றுதான் சொன்னாள்.

சின்னத்தாத்தாவுக்கு அப்போது எண்பத்தெட்டு வயசு. கண் சரியாகத் தெரியாது. மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், "சட்டம் மாத்திட்டாங்கன்னு சொல்றாங்களே, அதையும் வச்சுப் பாத்தியாடா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "அதெல்லாம் பெரிய குழப்பம் தாத்தா, மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு, பதினாறுல அஞ்சுன்னு வரும். யாருக்குப் புரியும்?" என்றான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"புளியங்கொட்டை எடுத்தா" என்றார் சின்னத்தாத்தா. "நிலம் கிடக்கட்டும். நாப்பத்தெட்டுன்னு வச்சுக்க."

அம்மா உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை கொண்டு வந்தாள். நாற்பத்தெட்டு எண்ணித் தரையில் வைத்தோம். முதலில் பழைய கணக்கு. மூன்று குவியல், பதினாறு பதினாறு. அப்பாவின் பதினாறை நாலாக்கினால் நாலு நாலு. எனக்கு இருபது, தம்பிக்கு இருபது, அக்காவுக்கு நாலு, அம்மாவுக்கு நாலு.

"அதை அப்படியே விடு. இன்னொரு நாப்பத்தெட்டு எண்ணு."

இரண்டாவது வரிசை புதுச் சட்டத்துக்கு. அப்பா, அக்கா, நான், தம்பி என்று நாலு குவியல், பன்னிரண்டு பன்னிரண்டு. அப்பாவின் பன்னிரண்டை நாலாக்கினால் மூன்று மூன்று. பிள்ளைகள் மூன்று பேருக்கும் பதினைந்து பதினைந்து. அம்மாவுக்கு மூன்று.

ஏன் நாற்பத்தெட்டு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழைய கணக்குக்குப் பன்னிரண்டு போதும், புதுக் கணக்குக்குப் பதினாறு போதும். தனித்தனியாக வைத்தால் அக்காவுக்கு அங்கே ஒன்று, இங்கே ஐந்து என்றுதான் வரும். அந்த ஒன்றும் இந்த ஐந்தும் ஒரே அளவு கிடையாது, ஒப்பிட முடியாது. இரண்டுக்கும் பொதுவான சின்ன எண் நாற்பத்தெட்டு. அதை வைத்ததும் இரண்டு சட்டமும் ஒரே தரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. பன்னிரண்டில் ஒன்று, பதினாறில் ஐந்து என்று வாயால் சொன்னால் அம்மாவுக்குத் தெரியாது. அவள் பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. நாலு கொட்டைக்கும் பதினைந்து கொட்டைக்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியாது?

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாதான் முதலில் பேசினாள். "இதுல எனக்கில்ல ஒண்ணு கொறையுது" என்று சிரித்தாள். பிறகு, "கொறையட்டும். முக்காலே மூணு வீசமும் எம் புள்ளைங்களுக்குத்தானே போவுது. இந்த வரிசைப்படியே எழுதுங்க" என்றாள்.

முக்காலே மூன்று வீசம் என்பதை நாம் 'ஏறக்குறைய முழுசும்' என்ற பொருளில் சொல்வோம். கணக்காகப் பார்த்தால் பதினாறில் பதினைந்து. பிள்ளைகள் மூன்று பேர் பங்கையும் கூட்டினால் துல்லியமாக அதுதான். அம்மா கணக்குப் பார்த்துச் சொன்னாளா, வாய்ப்பழக்கத்தில் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

பிறகு நிலத்துக்கு வந்தோம். 456 சென்ட்டை நாற்பத்தெட்டால் வகுத்தால் ஒரு கொட்டைக்கு ஒன்பதரை சென்ட். அக்காவுக்குப் பதினைந்து கொட்டை, 142½ சென்ட். எங்களுக்கும் அதே. அம்மாவுக்கு 28½. நாங்கள் எழுதி வைத்திருந்த 38-க்கும் இந்த 142½-க்கும் இடையில் 104½ சென்ட். ஒரு ஏக்கருக்கு மேல். அதில் என் பங்கிலிருந்து குறைந்தது 47½ சென்ட். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நிலம் போனதற்கா, படித்ததை மடித்து வைத்ததற்கா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பங்கைப் போட எண் எதுவும் கிடைக்கவில்லை.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். தம்பி இரண்டு வருஷம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்கா மகள் கல்யாணத்தில் வந்து பந்தியில் பரிமாறினான், அதோடு சரியாயிற்று. அக்கா நிலத்தை நான்தான் பார்க்கிறேன். குத்தகை நெல்லை வருஷா வருஷம் கொடுத்துவிடுகிறேன். அவள் மூட்டையை எண்ணுவதில்லை. நான் எண்ணிக் கொடுக்கிறேன்.

படிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது ஊரில் இப்படி ஒரு நிலம் இருக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன். இது எங்கள் வீட்டுக் கணக்கு. சொத்து அப்பா சுயமாகச் சம்பாதித்ததாக இருந்து, உயில் எழுதாமல் போயிருந்தால், அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு கொட்டை வந்திருக்கும். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் ஆன சொத்தைப் புதுச் சட்டம் தொடாது. அதனால் எது பாட்டன் சொத்து, எது சுயார்ஜிதம் என்று வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பங்கு தெரிந்த பிறகு, எல்லாருக்கும் உடையாமல் பிரிகிற ஒரு எண்ணைப் பிடித்து, வீட்டில் உள்ள எல்லாரையும் சுற்றி உட்கார வைத்து, கொட்டையோ சோழியோ வைத்துக் காட்டுங்கள். பத்திரத்தில் இருக்கும் பின்னத்தில் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம். தரையில் பரப்பிய கொட்டையில் ஒளிக்க முடியாது.

சின்னத்தாத்தா அடுத்த வருஷமே போய்விட்டார். அவருடைய எண்சுவடி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பேத்தி மிச்சக் கணக்குகளையும் அன்றைக்குச் சாயங்காலமே முடித்துவிட்டாள். மிஸ்ஸுக்காக எக்ஸ் வைத்து ஒரு தடவை, எனக்காக ஒரு தடவை. கடைசிக் கணக்கில் எட்டில் மூன்று, ஆறில் ஒன்று என்று வந்தது. "இதுக்கு என்ன வைக்கணும்னு சொல்லாதீங்க தாத்தா, நானே சொல்றேன்" என்று யோசித்தாள். நாற்பத்தெட்டு என்று சொல்லிவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருபத்திநாலு" என்றாள். "நாப்பத்தெட்டும் வரும், ஆனா அது தேவையில்ல."

"இதுக்குத் தேவையில்ல" என்றேன்.